சத்தம் போடாத பம்ப்

நோயை எதிர்க்கும் சக்தி எனக்குப் பிறவியிலேயே குறைவு. மற்ற பிள்ளைகளின் ரத்தத்தில் தானாக ஊறுவது எனக்கு வாரம் ஒருமுறை மருந்தாக ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் பழகிக்கொண்டு வந்து, கிழக்கேகோட்டை வீட்டில் ஞாயிறுதோறும் அம்மாவே ஏற்றினாள். வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன ஊசி, அதிலிருந்து ஒரு குழாய், மறுமுனையில் மருந்தைத் தள்ளும் பம்ப்.

எனக்கு ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியில் இரண்டு வகைப் பம்புகளை மாதத்துக்கு ஒன்றாகத் தந்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று பேட்டரியில் ஓடும். குழாய் கொஞ்சம் மடங்கினாலும் போதும், அலறி ஊரைக் கூட்டிவிடும். "ஐயோ, பிள்ளைக்கு என்னாச்சு?" என்று எதிர்வீட்டு அத்தை ஓடி வருவாள். எனக்கு மானம் போகும். மற்றது கையால் திருகிவிட்டால் சுருள்வில்லின் பலத்தில் ஓடும். மூச்சுக் காட்டாது. இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனோடு கேரம் ஆடலாம்.

அம்மா பேட்டரிக் கட்சி. அது ஓடுகிற நேரத்தில்தான் பக்கத்து அறையில் அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிப்பாள். அந்த வேலைக்கு அவளுக்கு வயது தாண்டிக்கொண்டிருந்தது; அந்த வருஷம்தான் கடைசி. நான் கேட்பேனா? "மோளே, ஏது வேணம்?" என்று நர்ஸ் சேச்சி மலையாளத்தில் கேட்டதும், அம்மா வாயைத் திறக்குமுன் வில் பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்குக் குரங்குப்பிடி.

முதல் ஞாயிறே மானம் கப்பலேறியது. ஊசி குத்தியதும், மீதியை நானே செய்வேன் என்று அம்மாவைப் படிக்க விரட்டினேன். குழாயின் கிளிப்பைத் திறக்க மறந்துபோனேன். நாலு ஆட்டம் முடிந்து பார்த்தால் மருந்து வைத்தது வைத்தபடி நிற்கிறது! மற்றதாக இருந்தால் அப்போதே கத்தியிருக்கும்.

"அந்தக் கத்துற பெட்டி வேண்டாம்மா" என்று ஓவென்று அழுதேன். அம்மா ஏசவில்லை. கிளிப்பைத் திறந்தாள். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீ ஆடு மக்களே. நான் பாத்துக்கிடுதேன்."

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். புத்தகம் மடியில் மூடிக் கிடக்கும். அவள் கண் மருந்து இறங்குவதிலேயே இருக்கும். என் ஆட்டத்தை ரசிக்கத்தான் உட்காருகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் அட்டகாசமாக ஆடினேன்.

அந்த வருஷம் அம்மா பரீட்சை எழுதவில்லை. "அம்மைக்குப் பரீட்சைன்னா பயம்" என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அம்மாவும் கூடச் சிரித்தாள்.