பௌர்ணமியன்று துடித்த கோடுகள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையாளாக மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, திருவண்ணாமலையில் லாட்ஜ் கட்டினேன், கல்யாண மண்டபம் கட்டினேன், அடி அண்ணாமலையில் பாறையை உடைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினேன். எதிலும் இன்றுவரை விரிசல் கிடையாது. அப்படிப்பட்ட என் கட்டடம் ஆடுகிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார்.

சொன்னவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியின் பேராசிரியர். என்.எம்.ஆர். என்ற கருவிக்காக அங்கே தனி அறை கட்டிக் கொடுத்திருந்தேன். ஆள் உயரத் தொட்டிக்குள் ராட்சசக் காந்தம். அதில் ஒரு துளி சாற்றை இறக்கினால், சாற்றின் அணுக்கள் கொடுக்கிற சைகையைத் திரையில் கோடுகளாகக் காட்டும். கீழ்பென்னாத்தூர் விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி அதில் ஒரு மூலிகை வேரை ஆராய்ந்துகொண்டிருந்தாள். முடி போன்ற இரண்டு கோடுகள் தனித்தனியாக நிற்க வேண்டும். பௌர்ணமியன்று மட்டும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் துடித்தன.

“ஒரு நாள் ஆடினாலும் எந்த அளவையும் நம்ப முடியாது. உங்க கட்டடந்தான் ஆடுது. இனிமே இங்க உங்களுக்கு வேலை கிடையாது” என்றார் பேராசிரியர்.

வாட்ச்மேனோ, “மலை இழுக்குதுங்க மேஸ்திரி. இங்க கட்டியிருக்கவே கூடாது” என்றான்.

அடுத்த பௌர்ணமி மத்தியானம் நானே போனேன். இரும்பைக் கொண்டு வராதே என்று வாசலில் இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். நான் எங்கே படித்தேன்? தொட்டியை நெருங்கியதும் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து தானாக எழுந்து, தொட்டியைப் பார்த்து அந்தரத்தில் நின்றது.

“ஐயா, கிட்ட போவாதீங்க! சாவிய வெளிய வெச்சிட்டு வாங்க!” என்று கத்தினாள் அந்தப் பெண்.

பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து யாரோ இழுப்பது போலவே இருந்தது. தொட்டியின் தலையிலிருந்து குளிர்ந்த வெண்புகை, சீறல் சத்தத்தோடு வழிந்தது.

சாவியை வெளியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்துத் தரையில் வைத்தேன். தரை ஆடினால் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும்.

“வந்துடுச்சுங்க” என்று கிசுகிசுத்தாள். திரையில் கோடுகள் துடித்தன. தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை. என் கட்டடம் ஆடவில்லை. அப்படியானால் ஆடுவது எது?

காற்றுக்காக மொட்டை மாடிக்குப் போனேன். பயந்து ஓடியதாக அவள் சொல்லுவாள், நம்ப வேண்டாம். மதிலுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், பௌர்ணமி கிரிவலத்துக்கு மட்டும் வருகிற ஸ்பெஷல் பஸ் ஒன்று திரும்பியது.

கீழே ஜன்னலிலிருந்து அவள் குரல்: “ஆடுதுங்க!”

பஸ் நின்றது. “நின்னுடுச்சுங்க!”

அடுத்த பஸ் நுழைந்தது. “இப்ப பாரும்மா!” என்று கத்தினேன்.

“ஆடுதுங்கையா!”

மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள். “பஸ்ஸு பூரா இரும்புங்க. அத்தினி தூரத்துல நவுந்தாலே காந்தத்தைக் கலைக்குது!”

பஸ் நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கோடுகள் துடிக்காமல் தனித்தனியாக நின்றன. அவளும் ஆராய்ச்சியை முடித்து டாக்டர் பட்டம் வாங்கினாள்.

மழையும் வெயிலும் நுழையாத சுவர் கட்டியவன் நான். அந்தச் சுவரே இல்லாதது போல் ஒன்று உள்ளே போய் வந்ததே! இன்றும் பௌர்ணமியில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால், என் கை தானாக இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொள்கிறது.

அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருக்கிறார், வாட்ச்மேன்கூட இருக்கிறான், நான் இல்லை. அம்மா, இதைப் படித்தால் அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்த்துவிடு: கட்டடம் ஆடவில்லை, அதைக் கட்டியவர் இந்த மேஸ்திரி, பஸ்ஸை முதலில் பார்த்தவரும் அவரே.