ஹாலில் மாட்டிய அல்லிக்குளம்

நீடாமங்கலத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்கு நண்பரோடு போயிருந்தேன். ஆலைக்காரர் நல்ல உயரம், மடிப்புக் கலையாத வேட்டி. வந்தவர்களையெல்லாம் கைபிடித்து ஹாலுக்கு அழைத்துப்போய், சோபாவுக்கு மேலே மாட்டியிருந்த அல்லிக்குளத்தைக் காட்டினார். பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதி அது. "தள்ளி நின்னு பாருங்க. கிட்ட வந்தா வெறும் திட்டுதான். தள்ளிப் போனா தண்ணியே அசையும்" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. நடவு முடிந்த வயலில் விடியற்கால வெளிச்சம். அதுவும் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. யார் வரைந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"நம்ம வீட்டம்மாதான். இதுல நாத்து எது, தண்ணி எதுன்னு யாருக்காச்சும் தெரியுதா?" என்று உரக்கக் கேட்டார். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவியும் சிரிக்க முயன்றார்.

"ஹால்ல இருக்கறதும் கிட்டப் பாத்தா இப்படித்தானே இருக்கு?" என்றேன்.

"அது பாரீஸ்ங்க."

அப்போது சமையல்காரர் கொதிக்கும் பாயசக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டைல்ஸ் புதுசுப்பா, இதுக்கு மேல வை" என்று ஆலைக்காரர் மனைவியின் படத்தை எடுத்துத் தரையில் போட்டார். பெயின்ட் இளகும் வாடை வந்தது. அந்த அம்மாள் குனிந்து, அந்தக் குண்டானிலிருந்தே பாயசம் மொண்டு எங்களுக்கு ஊற்றினார்.

விடைபெறப் போனபோது ஆலைக்காரர் தனியாக அல்லிக்குளத்தின் முன் நின்றிருந்தார். "எந்த மகராசன் வரைஞ்சானோ, பாத்தாலே மனசு கரைஞ்சிடுதுங்க" என்றார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. அதைத்தான் என்னால் இன்னமும் புரிந்துகொள்ள முடியவில்லை.