உப்பு ஒத்தடம்

நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுக்க வலது விலாவில் மூன்று சின்ன ஓட்டைகள்தான் போட்டார்கள். நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று அழுது தீர்த்த எனக்கு அது பெரிய ஆறுதல். கட்டி போய்விட்டது. ஆனால் மார்புக்குக் கீழிருந்து முதுகு வரை தோல் மரத்துவிட்டது. வருடம் ஒன்று தாண்டியும் உணர்ச்சி வரவில்லை. குளிக்கும்போது சோப்புப் போட்டால், யாரோ ஒருத்தியின் உடம்பைக் கழுவுவது போலிருக்கும்.

விலா நரம்பு அடிபட்டிருக்கிறது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் கண்டி கிளினிக் டாக்டர். அந்த இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைக்கவே கூடாது என்றும் சொன்னார். கட்டுகஸ்தோட்டைக்கு பஸ்ஸில் திரும்பிய அன்றே என் கணவர் வீட்டிலிருந்த பையைத் தூக்கிக் குப்பையில் போட்டார். சொன்னால் சொன்னபடி கேட்கிற மனிதர். பிறகு தாச்சியில் கல்லுப்பை வறுத்து, பழைய சாரத் துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தார். பைதானே கூடாது, ஒத்தடம் மருந்தல்லவா? இரண்டு பேருக்குமே அதில் சந்தேகம் வரவில்லை. நாங்கள் படித்த லட்சணம் அது.

கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் தினமும் அதே வேலை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு பிளேன்டீகூட ஊற்றித் தராதவர், முடிச்சைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்மேல் வைப்பார். மற்றக் கையால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே கடைக்கதை பேசுவார். மரத்த தோலில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன்.

ஒருநாள் மழையில் நனைந்து வந்தவருக்குக் கை விறைத்திருந்தது. முடிச்சின் சூடு அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் என் சட்டையில் ஈரத்தைக் கண்டு தூக்கிப் பார்த்தார். தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் குனிந்து பார்த்தேன்.

"வலிக்கவே இல்லங்க," என்றேன், அவரைத் தேற்ற.

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

புண் ஆறிவிட்டது. உப்பு முடிச்சு மட்டும் போயிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அதோடு அவர் கையும் போய்விட்டது. இப்போது என் இடது பக்கமாகத்தான் படுக்கிறார். சும்மா கையையாவது வையுங்கள் என்று ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். எதையோ தேடுகிறவர் போல எழுந்து போய்விட்டார். கை அங்கே இருந்த நாளெல்லாம் எனக்கு அது தெரிந்ததே இல்லை. இல்லாதது மட்டும் நன்றாகத் தெரிகிறது.