கொப்புளத்துக்குக் கிடைத்த இடம்

மலைநாட்டு விவசாயக் கல்லூரியில் சேர மூன்று தகுதிகள் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் சீனியர் சோதனை பாஸ், நல்ல தேகம், தோட்ட வேலையில் பழக்கம். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. மூன்றாவது இல்லாமற் போனதற்கு ஐயாதான் காரணம். இங்கிலிஸ் படிக்கிற பிள்ளை சேற்றில் கால் வைக்கக்கூடாதென்று, இணுவிலில் எங்கள் புகையிலைத் தோட்டத்து வரம்பைக்கூட என்னை மிதிக்கவிடாமல் வளர்த்தவர் அவர்.

அந்தப் பழக்கம் உண்டென்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "இவன் தோட்டத்துக்கை நிண்டதை நான் ஒரு நாளும் காணேல்லையே. காணாததுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

"நாளைக்கு விடிய வந்து பாரும்," என்றார் ஐயா.

மறுநாள் விடிய என் கையில் மண்வெட்டி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்கு வந்த அண்ணை, பக்கத்துப் பாத்தியில் நின்று சிரித்தார்.

"பேனை மாதிரிப் பிடிக்காதை. காலிலை போடப்போறாய்."

விதானையார் வரம்பில் நின்று பார்த்தார். ஒரு வாரம் கொத்தினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். விதானையார் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்து வைத்தார்.

நேர்முகத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சேட்டிபிக்கேற்றை வாசித்துவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். பெருமையோடு நீட்டினேன்.

"இது எப்ப வந்த கொப்புளம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"போன கிழமை, சேர்."

"பழகின கையிலே கொப்புளம் வராதே. சரி, புகையிலைக்கு எத்தனை இலை விட்டு நுனி கிள்ளுவீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் அந்த நேரம் வாய் வரவில்லை. "அண்ணைக்குத் தெரியும், சேர்," என்றேன்.

"அப்படியென்றால் அவர் ஏன் வரவில்லை?"

"அவருக்கு இங்கிலிஸ் தெரியாது."

துரை என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். என் விஷயம் முடிந்ததென்று எண்ணிக்கொண்டு வீடு வந்து, நடந்ததைச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தெரிவாகியிருந்தேன். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், நானே உரத்து வாசித்துத் தமிழும் சொன்னேன். கிணற்றடியில் நின்ற அண்ணை கேட்டார்:

"தெரியாதெண்டு சொன்ன உனக்கோ இடம் தந்தவங்கள்?"

"ஓம்."

"தெரிஞ்சவனுக்கு?"

நான் கடிதத்தை மடித்தேன். அவர் பதிலுக்கு நிற்காமல் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

கடிதத்தின் அடியில், கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது: வெயில் தொப்பி, காக்கிக் காற்சட்டை இரண்டு, காலுக்குத் தோல் சப்பாத்து ஒரு சோடி. அடுத்த நாளே ஐயா என்னை யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். வாழ்நாளில் சப்பாத்தே போடாத மனிதர், கடைக்காரரிடம் தலை நிமிர்த்திச் சொன்னார்:

"பொடியன் தோட்டம் செய்யப் படிக்கப்போறான். நல்ல மினுக்கமான சப்பாத்தாப் பாத்துத் தாரும்."