பூட்டு இல்லாத ஓர் இடம் கேட்டேன்

போன ஆடி மாதத் தொடக்கத்தில் எங்கள் ஹரிணியை ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் ஓரத்தில் இருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். முழங்கால் வரைக்கும் சேறு. அவர் கண்ணில் அவள் படாமல் போயிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஹரிணி என் தங்கை மகள் மாரிச்செல்வியின் பிள்ளை. ஏழு வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னார். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவாள். தண்ணீர் எங்கே கிடந்தாலும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள்.

மாரிச்செல்விக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வர நாளாகும். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அவர்களோடுதான் இருக்கிறேன். பகலில் ஹரிணியை நான்தான் பார்த்துக்கொண்டேன். முழங்கால் தேய்ந்த பிறகு அவள் பின்னால் ஓட முடியவில்லை.

பூட்டி வைக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். என்னால் கதவுக்குத் தாழ் போட முடியாது.

இளம் வயதில் நானும் பட்டாசு வேலைதான். ஒரு நாள் பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. வாசலில் யாரோ பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் உள்ளங்கையால் தட்டினார்கள். கிட்டப் போக முடியாத சூடு. வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவை உடைத்துச் சிலரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எல்லோரும் வெளியூர்ப் பிள்ளைகள். யார் பிழைத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. உலை கொதித்து மூடி ஆடினாலும் அதுதான் கேட்கும். தாழ்ப்பாள் போட்டால் போதும், அந்தப் பக்கம் யாரோ தட்டுவார்கள். திறந்து பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

“நீங்க நல்லாத் தொறந்து போடுங்க பெரியம்மா. அது ஓடட்டும். நான் கம்பெனில சரவெடிக்குப் பதிலா ஒப்பாரி கட்டுறேன்” என்றாள் மாரிச்செல்வி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்க்கிற ஓர் இல்லம் காரியாபட்டிப் பக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். சுத்தமான இடம். சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் வெளியே பூட்டு. அங்கே பொறுப்பாக இருந்த அம்மா, “பூட்டலைன்னா ஒண்ணு ரோட்டுக்குப் போயிரும், ஒண்ணு கிணத்துக்குப் போயிரும். நாங்க என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதில் குற்றம் இல்லை. அப்போது உள்ளே ஏதோ ஒரு பிள்ளை உள்ளங்கையால் கதவைத் தட்டியது. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஆடி முடிந்ததும் கொண்டு வந்து விடுவதாக மாரிச்செல்வி பேசி முடித்தாள். வேண்டாம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? நான் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் ஊர் வெயிலுகந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அவளுக்குக் கூரை கிடையாது, கதவும் கிடையாது. வெயிலிலேயே இருப்பாள். அவள் முன்னால் நின்று மனதுக்குள் கேட்டேன். தாயே, இந்தப் பிள்ளையைப் பூட்டாமல் காப்பாற்ற ஓர் இடம் காட்டு. இல்லை என்றால் என் காதை எடுத்துக்கொள்.

கண்ணைத் திறந்தேன். கையில் பிள்ளை இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாரிச்செல்வி ஓடினாள். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஊருணி பக்கத்தில்தான் இருக்கிறது. காதுக்குள் தட்டுகிற சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஊருணிப் பாதையில் ஹரிணி திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மாள். பிள்ளையைப் பிடிக்கவில்லை, கூப்பிடவில்லை. சும்மா கூடவே நடந்து வந்தாள்.

“பிடிச்சிருந்தா இன்னும் ஓடியிருக்கும்க்கா. தண்ணிக்கும் அதுக்கும் நடுவுல நடந்தேன். சலிச்சுப்போயித் திரும்பிருச்சு” என்றாள்.

அவள் பெயர் பாக்கியம். அச்சங்குளத்தில் ஒரு டீச்சரம்மா இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கிறார், இவள் அங்கே ஆயா. “ஒரு நாளு வந்து பாருங்க. பிடிக்கலைன்னா கூழு குடிச்சதோட மறந்துருங்க” என்றாள்.

போனோம். வீட்டைச் சுற்றி முள்வேலி. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பாக்கியம் வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை வெளியே வந்தால் காலை நீட்டுவாள். அதையும் தாண்டினால் பூவைப் போட்டுவிட்டுக் கூடவே நடப்பாள். உள்ளே டீச்சரம்மா ஹரிணிக்குப் படம் காட்டினார். தண்ணீர்ப் படத்தில் அவள் விரல் வைத்தாள். உடனே ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்தார். எங்கள் பிள்ளை ஒன்று வேண்டும் என்று காட்டியதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

“பூட்டே கிடையாதாக்கா?” என்று மாரிச்செல்வி கேட்டாள்.

“எனக்குக் காலு நீளம் தாயி. பூட்டு எதுக்கு?” என்று பாக்கியம் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். இரண்டு உள்ளங்கையும் வெந்து ஆறின தோல். “எனக்கும் கதவு சாத்துனா ஆகாதுக்கா” என்றாள் என்னிடம்.

எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவளா இவள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

மாரிச்செல்வி அங்கேயே சேர்த்தாள். கம்பெனி வேன் அந்த வழியாகத்தான் போகிறது. காரியாபட்டிக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

காதில் அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. திறந்த வாசலில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

போன வாரம் பார்க்கப் போனேன். பாக்கியத்துக்குப் பக்கத்தில் ஹரிணியும் காலை நீட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்னப் பிள்ளை வெளியே போகப் பார்த்தது. ஹரிணி காலை எடுக்கவில்லை.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே விடுவது என்று தவிக்கிற தாய்மார்களே, நம் வெயிலுகந்த தாயிடம் கேளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான், ஐந்தாவதோடு நின்றவள். வாய் திறந்துகூட இல்லை, மனதுக்குள்தான் கேட்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.