டப்பா மாத்திரையும் டைரியின் கடைசி வரியும்

2006 அக்டோபர், துபாய். அல் கூஸில் எங்கள் கம்பெனி கேம்ப். அறையில் ஆறு பேர். லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரும் மாத்திரைகள் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவது எங்கள் வழக்கம். அதிலிருந்து யார், எதை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று டைரியில் குறித்துவைப்பேன். "அண்ணன் நமக்குக் கல்வெட்டு வெட்டுறாருப்பா" என்று அறையே சிரிக்கும்.

எங்களோடு இருந்த புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் சாரம் கட்டுகிறவர். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், கிளினிக்கில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டைசானிடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் சாப்பிட்டார், தொந்தரவில்லை. நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. டப்பாவிலிருந்து சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து நீட்டியவன் நான்தான். ஊரில் எல்லோரும் சாப்பிடுவதுதானே என்ற தைரியம்.

மறுநாள் காலை ஐந்தேகால். ஹெல்மெட்டோடு கிளம்பியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாக்குக் குழறியது. "ஒண்ணுமில்லண்ணே, பஸ்ஸு போயிரும்."

"வயித்தால போன அசதி. மேல ஏறுனா காத்துல சரியாயிரும்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

அன்று தம்பிக்கு ஒன்பதாம் மாடியில் வேலை. டைரியைப் புரட்டினேன். முந்தைய மூன்று நாளில் இல்லாத புதிய வரி ஒன்றுதான்: வயிற்று மாத்திரை, நேற்று இரவும் இன்று காலையும், இடுப்பு மாத்திரையோடு சேர்த்து. ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"டூட்டி மாஃபி, இன்னிக்கு வேலைக்கு வரலைன்னா ஃபோர்மேன் கத்துவான்ணே!"

"கத்தட்டும். நீ கிளினிக் போற வண்டில ஏறு."

கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் பாதாளத்தில் இருந்தது. வேறு மருந்து சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டதற்குத் தம்பி இல்லையென்று தலையாட்டினார். டப்பா மாத்திரையை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. நான் டைரியை விரித்தேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த இரண்டும் சேரவே கூடாதாம்; வயிற்று மாத்திரை இடுப்பு மாத்திரையின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றி, பிரஷரை இறக்கி ஆளைச் சாய்த்துவிடுமாம்.

"யார் கொடுத்தது?" என்றார்.

'கொடுத்தது நான்' என்று எழுதியிருந்த கடைசி வரியில் விரலை வைத்தேன். படித்துவிட்டு, "நல்லவேளை, எழுதி வச்சீங்க" என்று சொல்லி டிரிப் ஏற்றச் சொன்னார்.

மாலையில் தம்பி எழுந்து உட்கார்ந்து, பால் சேர்க்காத சுலைமானி டீ கேட்டார். திரும்பியதும் டப்பா மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'வேறு மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் திறக்கக் கூடாது.' யாரும் சிரிக்கவில்லை.

அந்த டைரி இன்றும் என்னிடம் இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்ற உதவிய வரி என் தவறைச் சொல்லும் வரியாகவும் இருந்ததையும், அதை நான் மறைக்காமல் காட்டியதையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.