புற்றுக்குள் போன சிறுமி

இளையோருக்கான ஒரு ஃபேண்டஸி நாவல் மேல் எனக்குப் பைத்தியம். இறந்துபோன அம்மாவைத் தேடி, புற்று வழியே நாகலோகம் போகும் சிறுமியின் கதை. சங்கரன்கோவிலில் யாரிடம் கொடுத்தாலும், "சின்னப்பிள்ளைக் கதல்லா இது" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கடைசியில் என் அண்ணன் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். மதினிக்கு என் வயதுதான், சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்குத் துணை போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். நெற்றியில் கோயில் புற்றுமண்ணோடு, கண்ணை மூடிக் கேட்பாள்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று காலையில்தான், இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர் அண்ணனிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார். கதையில் அந்தச் சிறுமி திரும்பி வருவதில்லை; புற்று மூடிக்கொள்ளும். அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவோடு அவள் வீடு வந்து சேர்ந்ததாக, புத்தகத்தைப் பார்த்தபடியே இட்டுக்கட்டி வாசித்தேன்.

மதினி கண்ணைத் திறந்தாள். "பொய் சொல்லுத. அன்னைக்கு நீ டீ வாங்கப் போனப்பவே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன்."

நான் தலை குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பரவால்லட்டி. நீ சொன்னதையே இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

அந்த நாவலுக்கு எங்கள் ஊரில் இரண்டு வாசகிகள் இருந்தோம். ஆடித்தபசுத் திருவிழா வருவதற்குள் நான் மட்டும் மிச்சமானேன்.